ஆர்லாண்டோவில் டிஸ்னியா, யுனிவர்சலா? முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஆர்லாண்டோ போகிறோம் என்று வாயைத் திறந்தாலே, அங்கே இருக்கிற இரண்டு பெரிய கேளிக்கைப் பூங்கா வளாகங்களை வைத்து அடுத்த கேள்வி இதுதான்: டிஸ்னியா, யுனிவர்சலா? முதல் தடவை போனபோது நானும் இதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு தடவை போய்வந்தபிறகு ரைடுகளை மட்டும் வைத்து இதை முடிவு செய்வதை விட்டுவிட்டேன். ரைடு மூன்று நிமிடம், அதற்கு முன்னால் நிற்கும் வரிசை ஒரு மணி நேரம். நாள் முழுக்க நாம் செய்யப்போகும் வேலை நிற்பதுதான். டிஸ்னியில் அந்தக் காத்திருப்பைக் குறைக்க வீட்டிலிருந்தே, ஆப்பில், நாள்கணக்கில் முன்கூட்டியே மெனக்கெட வேண்டும். யுனிவர்சலில் அவ்வளவு திட்டம் வேண்டாம், ஆனால் அன்றைக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும் அல்லது கால்வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு இதில் எது ஒத்துவரும் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

டிக்கெட்டுக்கு முன்னால் அளவுநாடா

வீட்டில் யார் மிகவும் குள்ளமோ அவரை ஷூ போடவைத்து, சுவரோரம் நிறுத்தி, அங்குலத்தில் அளந்து எழுதிவையுங்கள். சிரிக்காதீர்கள். ஒரு பூங்காவில் அக்கா மகனோடு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று ரைடு வாசலுக்குப் போனோம். வீட்டில் அளந்தபோது சரியாக 48 அங்குலம், சுவரில் பென்சில் கோடுகூட இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மழை என்று ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டிருந்தான். ஊழியர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தார். குறுக்குச் சட்டத்துக்கும் அவன் தலைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. குதிகால் மெல்லத் தூக்கியது. அந்தப் பெண் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். "மாமா, இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்க" என்றான். அளந்தார்கள். அதே விரற்கடை. இந்த விஷயத்தில் கெஞ்சுவதற்கு இடமே கிடையாது, அது பாதுகாப்பு விதி. வரிசைக்கு வெளியிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. நிற்பதற்கு முன்னால் அங்கே அளந்து பார்க்காதது என் தப்புதான்.

சரி, எண்களுக்கு வருவோம். டிஸ்னியில் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கும் ஸ்லிங்கி டாக் டேஷுக்கும் 38 அங்குலம் போதும். ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸுக்கு 40, கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸிக்கு 42, ஸ்பேஸ் மவுண்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், அவதார் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் மூன்றுக்கும் 44, டிரானுக்கு 48. அதாவது 48 அங்குலம் எட்டிய பிள்ளைக்கு டிஸ்னியின் நாலு பூங்காவிலும் ஏறக்குறைய எல்லாமே திறந்துவிடும். யுனிவர்சல் அப்படி இல்லை. கிரிங்காட்ஸுக்கு 42 போதும், ஹாக்ரிட் பைக் ரைடுக்கும் ஹாரி பாட்டர் ஃபர்பிட்டன் ஜர்னிக்கும் 48, வெலாசிகோஸ்டருக்கு 51, ஹல்க்குக்கு 54.

இதிலிருந்தே பாதித் தீர்ப்பு வந்துவிடுகிறது. 40 அங்குலத்துக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் டிஸ்னி, அதிலும் அதன் மேஜிக் கிங்டம் பூங்கா. பீட்டர் பான், ஹாண்டட் மேன்ஷன், பைரேட்ஸ், ஜங்கிள் க்ரூஸ், டம்போ, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் எதற்கும் உயரக் கட்டுப்பாடு கிடையாது, தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரே படகில் உட்காரலாம். வீட்டில் எல்லோருமே பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், ரோலர் கோஸ்டர் என்றால் உயிர் என்றால் யுனிவர்சல். வெலாசிகோஸ்டர் மணிக்கு 70 மைல் வேகம், 155 அடி உயரம். டிஸ்னியில் அதற்கு இணையாக ஒன்றுமே இல்லை என்பது என் கருத்து. யுனிவர்சலில் சின்னப் பிள்ளைகளுக்கு எதுவுமே இல்லை என்று சொல்வார்கள், அது சரியில்லை. சூஸ் லேண்டிங் இருக்கிறது, 2024இல் திறந்த ட்ரீம்வொர்க்ஸ் லேண்டும் இருக்கிறது. ஆனால் அரை நாளில் முடிந்துவிடும்.

தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கோஸ்டரைவிட உங்களைக் கவிழ்ப்பது திரை வைத்த ரைடுகள்தான். யுனிவர்சலில் அவை அதிகம். ஃபர்பிட்டன் ஜர்னியில் இருக்கையை ஒரு ரோபோக் கை தூக்கிச் சுழற்றும், கண்ணெதிரே திரை ஓடும். நான் இறங்கிவந்து அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம், உடம்பு கொஞ்சம் பெரிதாக இருப்பவர்கள் ஃபர்பிட்டன் ஜர்னி, ஹல்க் மாதிரி ரைடுகளின் வாசலில் வைத்திருக்கும் மாதிரி இருக்கையில் உட்கார்ந்து, தடுப்புப் பூட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு வரிசைக்குப் போங்கள். உள்ளே போய்த் திரும்புவதைவிட அது மேல்.

இடம் எப்படி இருக்கிறது

டிஸ்னி வேர்ல்ட் ஒரு பூங்கா என்று நினைத்துப் போகிறவர்கள் நிறைய. அது ஏறக்குறைய 40 சதுர மைல் நிலம். அதில் நாலு பூங்கா: மேஜிக் கிங்டம் 1971, எப்காட் 1982, ஹாலிவுட் ஸ்டுடியோஸ் 1989, அனிமல் கிங்டம் 1998. இவை தவிர இரண்டு தண்ணீர்ப் பூங்கா, ஒரு பெரிய கடைத்தெரு. ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பஸ்ஸோ, மோனோரயிலோ, ஸ்கைலைனர் என்கிற கேபிள் காரோதான். மேஜிக் கிங்டத்தில் காரை நிறுத்தினால் பூங்கா வாசலே கண்ணுக்குத் தெரியாது. ஏரிக்கு அந்தப் பக்கம் காரை விட்டுவிட்டு மோனோரயிலையோ படகையோ பிடித்து வரவேண்டும். அதனால் ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்காவது கார் நிறுத்துமிடத்தில் இருங்கள்.

யுனிவர்சலில் பழைய இரண்டு பூங்காவும், அதாவது 1990இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஃப்ளோரிடாவும் 1999இல் திறந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரும், பக்கத்துப் பக்கத்தில். நடுவில் சிட்டிவாக் என்கிற கடைத்தெரு. ஒரே பார்க்கிங் கட்டடம், அங்கிருந்து நடை. கால்முட்டி சரியில்லாத பெரியவர்களைக் கூட்டிப்போனால் இது எவ்வளவு பெரிய வசதி என்று இரண்டாம் நாள் புரியும். 2025 மே 22இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் மட்டும் தனியாக, சில மைல் தள்ளி இருக்கிறது. அதற்கு வேறு பார்க்கிங், வேறு நாள். டிஸ்னியிலிருந்து யுனிவர்சலுக்கு ஐ-4 நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நெரிசல் இல்லாவிட்டால். காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று ஒரே நாளில் இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

எத்தனை நாள்? டிஸ்னிக்கு நாலு, யுனிவர்சலின் பழைய இரண்டுக்கும் சேர்த்து இரண்டு, எபிக்குக்கு ஒன்று என்றால் எல்லாம் பார்க்கலாம், ஆள்தான் மிஞ்சமாட்டார். ஐந்து நாள்தான் இருக்கிறதென்றால் நான் மேஜிக் கிங்டம், இன்னொரு டிஸ்னி பூங்கா, ஒரு நாள் சும்மா நீச்சல் குளம், அப்புறம் யுனிவர்சலில் இரண்டு நாள் என்று போடுவேன். அந்தச் சும்மா நாளை எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் மதியம் நடைபாதையில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைகள் எல்லாம் அந்த நாளை வெட்டிய வீட்டுப் பிள்ளைகள்தான்.

டிக்கெட், தேதி, ஹோட்டல்

இரண்டு இடத்திலும் தேதியைப் பொறுத்து விலை மாறும். ஒரு நாள் டிக்கெட் 100 டாலரைத் தாண்டும், கிறிஸ்துமஸ் வாரத்தில் அதைவிட எவ்வளவோ மேலே போகும், அதன்மேல் 6.5 சதவீத வரி. மூன்று வயதுக்குக் கீழே இலவசம். பத்து வயது ஆனதும் பெரியவர் கட்டணம். நாள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும் என்பதால் இரண்டு இடத்துக்கும் சரிபாதியாகப் பிரிப்பதைவிட ஓரிடத்தில் அதிக நாள் வைப்பது மலிவு. இன்னொரு விஷயம், ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் யுனிவர்சலின் ஒரு பூங்காவில் ஏற்றி இன்னொன்றில் இறக்கும், ஆகவே இரண்டுக்கும் செல்லும் டிக்கெட் இருந்தால்தான் ஏறமுடியும். போகும்போது ஜன்னலில் வரும் காட்சி வேறு, வரும்போது வேறு. ஹாரி பாட்டர் பைத்தியம் வீட்டில் இருந்தால் அந்தக் கூடுதல் காசைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கூட்டம் குறைவான நாள் வேண்டுமென்றால் அமெரிக்கப் பள்ளிகள் நடக்கிற வாரங்களைப் பாருங்கள்: ஜனவரி கடைசி, செப்டம்பரில் லேபர் டே விடுமுறை முடிந்த பிறகு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை போகாதீர்கள். ஹாலோவீன் சீசனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேஜிக் கிங்டத்தில் தனி டிக்கெட் பார்ட்டி நடக்கிற நாள்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை ஆறு மணிக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். வாணவேடிக்கை கிடைக்காது, அதனால் பலபேர் அந்த நாளைத் தவிர்ப்பார்கள், அதனால் பகலில் வரிசை சின்னது. வாணவேடிக்கையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இதுதான் உங்கள் நாள். யுனிவர்சல் ஸ்டுடியோஸிலும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடக்கும் நாளில் சீக்கிரம் மூடுவார்கள், நேர அட்டவணையைப் பார்க்காமல் தேதியைக் குறிக்காதீர்கள்.

ஹோட்டலை அறையின் அழகுக்காக எடுக்காதீர்கள், வரிசைக்காக எடுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் நாலு பூங்காவிலும் அரைமணி நேரம் முன்னால் விடுவார்கள், லைட்னிங் லேன் என்கிற காசு வரிசையை 7 நாள் முன்னாலேயே பதியலாம். வெளியில் தங்கினால் 3 நாள்தான். யுனிவர்சலில் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் இந்த மூன்றில் தங்கினால் பழைய இரண்டு பூங்காவிலும் வரிசையைத் தாண்டிப் போகவிடும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் இலவசம், அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும். அதுவும் செக்-இன் நாள், செக்-அவுட் நாள் இரண்டுக்கும். ஒரே ஒரு இரவுக்கு அறை எடுத்து இரண்டு முழு நாளும் வரிசையில்லாமல் சுற்றலாம். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு எக்ஸ்பிரஸ் தனியாக வாங்க எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப்பாருங்கள், பலநேரம் அறை வாடகை அதைவிடக் குறைவாக வரும். எபிக்குக்கு இந்தச் சலுகை கிடையாது, அதை மறந்துவிட்டு அறை போடாதீர்கள்.

வரிசை

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுவதும் ஆறுதல் அடைவதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் அந்த ரைடு எத்தனை பேரை விழுங்கும் என்பதுதான் கணக்கு. ஹாண்டட் மேன்ஷனில் வண்டிகள் நிற்காமல் சங்கிலிபோல் வந்துகொண்டே இருக்கும், நகரும் பட்டையில் நடந்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான், அதனால் பெரிய கூட்டமும் கரைந்துவிடும். பீட்டர் பானில் சின்னச் சின்னப் படகு, ஒன்றில் ஒரு குடும்பம். 1971இலிருந்து ஓடுகிற பழைய ரைடு, இன்றைக்கும் அங்கே கூட்டம் குறைவதில்லை. பிரபலம் மட்டும் காரணமல்ல, அது மெதுவாகத்தான் விழுங்கும்.

இரண்டாவது, வரிசை ஒன்றல்ல இரண்டு. சாதாரண வரிசையும் காசு கொடுத்தவர்கள் வரிசையும் உள்ளே ஓரிடத்தில் சேரும். அங்கே நிற்கிற ஊழியர் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேரை விடுவார். காசு வரிசை நிரம்பி வழியும் நேரத்தில் உங்கள் வரிசை அசையாது. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை சாதாரண வரிசையில் பெரிய ரைடுக்கு நிற்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

டிஸ்னியின் காசு வரிசைக்கு லைட்னிங் லேன் என்று பெயர். முன்னொரு காலத்தில் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாக இருந்தது. இப்போது மல்டி பாஸ், சிங்கிள் பாஸ், பிரீமியர் பாஸ் என்று மூன்று. மல்டி பாஸில் மூன்று ரைடுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர அவகாசம் கொண்ட நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வீர்கள். அன்றைக்கு அதில் ஒன்றை முடித்தவுடன் அடுத்ததைப் பதியலாம், இப்படியே இரவு வரை. டிரான், கார்டியன்ஸ், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் மாதிரி பெரிய தலைகள் மல்டி பாஸில் வராது, தனித்தனியாக சிங்கிள் பாஸ் வாங்க வேண்டும். பிரீமியர் என்பது நேரம் குறிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரு தடவை போகலாம் என்பது. விலையைக் கேட்டால் பசி அடங்கிவிடும்.

பதிவு ஆர்லாண்டோ நேரம் காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஏழு ஐந்துக்கு அல்ல. முந்தின நாளே ஆப்பில் குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்து, கார்டு விவரம் போட்டு வைத்திருங்கள். மூன்று நேரத்தையும் காலை நடுப்பகுதியில் ஒட்டினாற்போல் எடுங்கள். முதல் பாஸை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் நாலாவது பாஸ் கைக்கு வரும். சாயங்காலத்துக்கு மூன்றையும் வைத்துக்கொண்டவர்கள் மூன்றோடு வீடு திரும்புவார்கள்.

யுனிவர்சல் எக்ஸ்பிரஸில் நேரம் கிடையாது, பதிவு கிடையாது. காட்டினால் வேறு வாசல் வழியாக விடுவார்கள், அவ்வளவுதான். ஒரு ரைடுக்கு ஒரு தடவை என்று ஒரு வகை, எத்தனை தடவை வேண்டுமானாலும் என்று அன்லிமிடெட் ஒரு வகை. மனசுக்கு நிம்மதி, பர்ஸுக்கு அல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம், விடுமுறை நாளில் டிக்கெட்டையே மிஞ்சும். வாங்குமுன் அன்றைய பட்டியலில் உங்களுக்கு வேண்டிய ரைடு இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாமே அதில் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

என் யோசனை: டிஸ்னியில் மேஜிக் கிங்டத்துக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் மல்டி பாஸ் வாங்குங்கள், அனிமல் கிங்டத்துக்கு வாங்கவேண்டாம், அங்கே காலையில் ஒழுங்காகப் போனாலே போதும். யுனிவர்சலில் அந்த மூன்று ஹோட்டல்களில் ஒன்று, இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்.

காசு கொடுக்காமல் குறுக்குவழி ஒன்று உண்டு, சிங்கிள் ரைடர். தனியாக வருபவர்களை ஓரத்துக் காலி இருக்கையில் உட்காரவைக்கும் வரிசை அது. யுனிவர்சலில் ஃபர்பிட்டன் ஜர்னி, ஹாக்ரிட், வெலாசிகோஸ்டர் எனப் பலவற்றில் இருக்கிறது. டிஸ்னியில் குறைவு, எவரெஸ்ட், டெஸ்ட் டிராக் மாதிரி சிலவற்றில்தான். ரைடில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் என்ன, எப்படியும் கத்தத்தானே போகிறோம்? கைக்குழந்தை இருந்தால் ஊழியரிடம் டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப் என்று கேளுங்கள். ஒருவர் போய்வரும்வரை இன்னொருவர் குழந்தையோடு இருந்துவிட்டு, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். இது இலவசம், கேட்காமல் விட்டவர்கள் ஏராளம்.

காலை முதல் ஒன்றரை மணி நேரம்

திறக்கிற நேரத்துக்கு முன்பே வாசலில் நிற்பதை அங்கே ரோப் டிராப் என்பார்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் செய்கிற ரைடுகளை மதியம் செய்ய நாலு மணி நேரம் ஆகும். டிஸ்னியில் அனிமல் கிங்டம் என்றால் நேராக ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்றால் ஸ்லிங்கி டாக் அல்லது ரைஸ். ஐலண்ட்ஸில் ஹாக்ரிட் முதலில், ஆனால் ஒரு எச்சரிக்கை: அது ஏறக்குறைய ஒரு மைல் நீளத் தடம், ஏழு இடத்தில் வண்டியை உந்திவிடும், நடுவில் தடமே கீழே விழும், அவ்வளவு நுணுக்கம் உள்ள ரைடு அடிக்கடி தாமதமாகத் திறக்கும். ஆப்பில் மூடியிருக்கிறது என்று காட்டினால் வாசலில் தவம் கிடக்காமல் வெலாசிகோஸ்டருக்குத் திரும்பிவிடுங்கள். எபிக்கில் மினிஸ்ட்ரி ஆஃப் மேஜிக் ரைடை முதலில் முடியுங்கள்.

வெலாசிகோஸ்டர், ஹல்க் மாதிரி ரைடுகளுக்கு யுனிவர்சலில் பை, போன், சாவி எதையும் கொண்டுபோக முடியாது, உலோகம் கண்டுபிடிக்கிற வாசல் வழியாகத்தான் போகவேண்டும். சின்ன லாக்கர் இலவசம், பெரிய பைக்குக் காசு. ஆகவே அன்றைக்குச் சின்னப் பை. டிஸ்னியில் பெரும்பாலும் பையைக் காலடியில் வைத்துக்கொண்டே ஏறலாம், டிரான் விதிவிலக்கு.

சாப்பாடு

சாப்பாட்டில் டிஸ்னிதான் ஜெயிக்கிறது, ஆனால் அதற்கும் முன்பதிவு. உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பு பதிவு திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு வந்துசேரும் நாளிலிருந்து 60 நாள் என்று கணக்கிட்டு, தங்கும் நாள்களுக்கு (10 நாள் வரை) மொத்தமாகப் போட்டுவிடலாம். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் சாப்பாடு, மிக்கி மேசைக்கு வரும் சாப்பாடு எல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோகும். போட்டுவிட்டுப் போகாவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கார்டில் பிடித்துவிடுவார்கள், நேரத்துக்கு முன்பு ஆப்பிலேயே ரத்து செய்துவிடுங்கள். மற்றவர்களும் அப்படி ரத்து செய்வார்கள் என்பதால் முந்தின நாள் இரவு ஆப்பைத் தட்டிப்பார்த்தால் இடம் விழும். எனக்கு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது.

சைவக்காரர்களுக்கு நல்ல செய்தி. டிஸ்னி மெனுவில் விலங்கு சம்பந்தம் இல்லாத உணவுக்குப் பச்சை இலைக் குறி போட்டிருப்பார்கள். முட்டை, பால் வரை தவிர்ப்பவர்கள் அதைப் பார்த்தாலே போதும். குறி இல்லாத சூப், சோறு, பீன்ஸ் எல்லாவற்றிலும் கோழி ரசம் இருக்கலாம், வாய்விட்டுக் கேளுங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்று ஒரு உணவகம். ஐந்து வகை ரொட்டி, ஒன்பது வகைத் தொக்கு சட்னி என்று ஒரு பலகையில் பரப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள், நான் ரொட்டியும் மாங்காய் ஊறுகாய் வாசனையும் மேசைக்கு வந்ததும் எங்கள் அம்மா நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி. அது ஹோட்டலுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட்கூட வேண்டாம். பூங்கா போகாத அந்தச் சும்மா நாளுக்கு இதைவிட நல்ல மதியச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

எப்காட்டில் பதினொரு நாட்டு அரங்கங்கள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. ஒரே இடத்தில் வயிறுமுட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பகிர்ந்துகொண்டு ஒரு சுற்று வருவதுதான் அங்கே முறை.

யுனிவர்சலில் சாப்பாடு அவ்வளவு நாடகம் இல்லை. ஐலண்ட்ஸில் மித்தோஸ் உட்கார்ந்து சாப்பிட நன்றாக இருக்கும். ஹாரி பாட்டர் பகுதியில் லீக்கி கால்ட்ரன், த்ரீ ப்ரூம்ஸ்டிக்ஸ் இரண்டும் பார்க்க அழகு, சாப்பாடு சுமார், மீன் சாப்பிடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. பட்டர்பியரில் மது கிடையாது, குளிர்ந்தது, உறைந்தது, சூடானது என்று கிடைக்கும். உறைந்ததை வாங்குங்கள், ஒன்றை இரண்டு பேர் குடிக்கலாம், அவ்வளவு இனிப்பு. எதுவும் சரிப்படவில்லை என்றால் வாசலைத் தாண்டி சிட்டிவாக்குக்கு நடந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போகலாம்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்பது நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. டிஸ்னியில் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரி ஐஸ்கட்டி கூடாது. புளியோதரை டப்பாவை நான் பலமுறை சோதனை வாசலில் திறந்து காட்டியிருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. யுனிவர்சல் கொஞ்சம் கறார், தண்ணீர் பாட்டில், சின்ன நொறுக்குத் தீனி, குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்னியின் கவுண்டர் உணவகங்களில் ஒரு கப் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டைப் பதினொரு மணிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் மொபைல் ஆர்டருக்கு நேரம் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டரைக்குப் பசி எடுத்தபிறகு திறந்தால் இரண்டு மணிக்குத்தான் நேரம் காட்டும். காலையில் வரிசையில் நிற்கும்போதே போட்டுவிடுங்கள்.

மழை, பேட்டரி

ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியம் இரண்டு மூன்று மணிக்கு இடிமழை ஏறக்குறைய தினமும் உண்டு. பக்கத்தில் மின்னல் தென்பட்டால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நிற்பவர்கள் பாதிப்பேர் கலைந்து கார் பக்கம் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். மழைக்கோட்டை ஊரிலிருந்தே மலிவாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தை உள்ளரங்க நிகழ்ச்சியிலோ உணவகத்திலோ கழித்துவிட்டு, வானம் வெளுத்ததும் பெரிய கோஸ்டர் பக்கம் நடந்தால் காலையில் பார்த்த காலி வரிசை மறுபடி கிடைக்கும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி ஆளுக்கு. ஈரக் காலுறையோடு எட்டு மைல் நடந்தால் கொப்புளம் நிச்சயம்.

அப்புறம் பவர் பேங்க். டிக்கெட், லைட்னிங் லேன், சாப்பாடு, வரிசை நேரம் எல்லாம் ஒரே போனில். என் போன் ஒரு நாள் மூன்று மணிக்குச் செத்தது, கையில் இரண்டு பாஸ் பாக்கி; விருந்தினர் சேவை மேசையில் அடையாள அட்டையைக் காட்டி மீட்டெடுக்க நாற்பது நிமிடம் நின்றேன், அந்த வரிசைக்கு எந்த பாஸும் கிடையாது.

ராத்திரி

ரைடு வாசலில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரம் மூடும் நேரம் நெருங்க நெருங்கக் கூட்டித்தான் இருக்கும், புதிதாக யாரும் வந்து சேராமல் இருக்க. 60 என்று போட்டிருந்த இடத்தில் நான் 25இல் ஏறியிருக்கிறேன். ஹாண்டட் மேன்ஷனில் 13 நிமிடம் என்று பலகை காட்டினால் அது விளையாட்டு, உள்ளே ஆளே இல்லை என்று அர்த்தம்.

வாணவேடிக்கை தொடங்கியதும் மேஜிக் கிங்டத்தில் எல்லோரும் கோட்டை முன்னால் திரண்டுவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. இரண்டாவது இரவு அங்கே இருந்தால் அந்த இருபது நிமிடத்தில் பின்பக்கம் போய்விடுங்கள். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசைக்குள் கால் வைத்துவிட்டால் போதும், டிஸ்னியானாலும் யுனிவர்சலானாலும் உங்களை ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். எந்த ரைடுக்கு மதியம் தொண்ணூறு நிமிடம் என்று விட்டுவிட்டு வந்தீர்களோ அதற்கு அந்த நேரத்தில் போங்கள். நீங்கள் இறங்கி வெளியே வரும்போது பார்க்கிங் பஸ்ஸுக்கும் மோனோரயிலுக்கும் இருந்த பெரிய கூட்டமும் கலைந்திருக்கும்.